ஒரு கல் விட்டுக் கட்டிய மதில்

தம்பி,

இதை மடித்து உன் மேசைமேல் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கலாம். அப்படி வைத்தால் நீ ஒருவன் மட்டும்தான் வாசிப்பாய். உன்னைப் பெற்றது நானும் அப்பாவும் என்றாலும், உன்னை உயிரோடு வைத்திருந்ததில் வேறு சிலருக்கும் பங்கு உண்டு. அவர்களில் ஒரு மனிதருடைய முகத்தை நான் பார்த்ததே இல்லை. வீடு தேடிப் போய் நன்றி சொல்ல வழியில்லாத ஆட்களுக்கு எங்காவது ஓரிடத்தில் சொல்லி வைக்க வேண்டும் என்று வெகுகாலமாக ஆசை. அதனால்தான் நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி பத்திரிகைக்கு எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன் நோயை நீ ஒருபோதும் மறைத்ததில்லை. மறைக்கப் பார்த்ததெல்லாம் நான்தான்.

போன ஞாயிறு குசினி மேசையில் பாண் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே நீ கேட்டாய்: "நான் போய்ட்டா ஒங்க ரெண்டு பேரையும் யாரும்மா பாத்துக்கிறது?" அப்பா பத்திரிகையை விலக்காமலே, "நாங்க என்னா, பச்சப் புள்ளைங்களா? நீ மொதல்ல ஒன்னோட ஊசியப் பாத்துக்க" என்றார். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. பருப்புக் கறி அடிப்பிடிக்கிறது என்று சாட்டுச் சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன். நோர்வேயிலிருந்து மேற்படிப்புக்கு இடம் தந்து கடிதம் வந்து இத்தனை நாளாகியும் நீ பதில் எழுதாமலிருப்பது எதற்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நாட்டில் சண்டை மறுபடி மூண்டுவிட்டது, பாதையெங்கும் சோதனைச் சாவடி, பிள்ளைகளைக் காணவில்லை என்று தினம் ஒரு செய்தி. இந்த நேரத்தில் அம்மாவையும் அப்பாவையும் விட்டுவிட்டுப் போவதா என்பதுதான் உன் யோசனை. உன் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இதுதான் பதில். கொஞ்சம் நீளமாக இருக்கும், ஏனென்றால் மதிலிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் வீட்டுக்கும் ராத்தா வீட்டுக்கும் நடுவில் இருக்கிற மதிலை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். அதில் ஒரு புளொக் கல் அளவுக்கு ஓட்டை இருப்பது உனக்கு வியப்பாகவே இருந்ததில்லை. எல்லா மதிலிலும் இருக்கும் என்று நினைத்திருப்பாய். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் எங்கள் அப்பாவுடைய குவாட்டர்ஸ் கதவை உடைத்தார்கள். நாங்கள் தேயிலைக்குள் குந்தியிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டோம். அதன் பிறகு கல்யாணமாகி இந்தத் தெல்தெனியவில், நீர்த்தேக்கத்துக்காக மேலே தள்ளி அமைத்த புது ஊரில், உன் அப்பாவோடு வந்து குடியேறியபோது எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆள் உயரத்துக்கு மேல் மதில். உன் அப்பா மறுத்துப் பேசவில்லை. தபால் கந்தோர் வேலை முடிந்து வந்து தானே சீமெந்து குழைத்துக் கொடுத்தார். நீ அப்போது என் வயிற்றில்.

மதில் இடுப்பளவு எழும்பியபோது அடுத்த வீட்டிலிருந்து ராத்தா வந்து நின்றார். அதுவரை அவரோடு நான் சிரித்துக்கூடப் பேசியதில்லை. முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி ராத்தா என்று கூப்பிடப் பழகியதெல்லாம் பிறகுதான்.

"எனத்துக்கு புள்ள இந்த மதில்? எங்களுக்குப் பயந்தா?"

"ஐயோ இல்லீங்க. பொதுவா ஒரு பாதுகாப்புக்கு."

"பாதுகாப்புன்டா கட்டுங்க, நான் வாணான்டு செல்லல்ல. ஒரு கல்ல மட்டும் உட்டுட்டுக் கட்டச் செல்லுங்க. நோன்புக் கஞ்சி குடுக்க நான் ரோட்டச் சுத்தியா வாரது?"

மேசன் என் முகத்தைப் பார்த்தார். "எங்க விடுறது?" என்று கேட்டார். ராத்தா தன் முழங்கையை மடித்து மதிலில் வைத்து, கஞ்சிக் கோப்பையை நீட்டுகிற உயரத்தைக் காட்டினார். "இத்தன வருசமா மதில் கட்டுறேன், ஓட்டையோட கேட்டது நீங்கதான்" என்று மேசன் சிரித்தார். நான்தான் கேட்கவில்லையே என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அந்தக் கல் இன்றைக்கும் கிணற்றடியில் கிடக்கிறது. நீ அதன்மேல் நின்றுதான் குளித்தாய்.

உனக்கு ஐந்து வயதில் சீனி வருத்தம், நீரிழிவு, என்று கண்டியில் சொன்னார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தாய், ஓயாமல் ஒன்றுக்குப் போனாய், காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சீனி வரும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஏதோ நான்தான் டொபி கொடுத்துக் கெடுத்தேன் என்பது போல. நான் உயிரியல் படிப்பிக்கிறவள். சதையியில், அதாவது கணையத்தில், இன்சுலின் சுரக்கிற உயிர்க்கலங்களை உடம்பின் காவல் கலங்களே எதிரி என்று நினைத்துக் கொன்றுவிடுகின்றன என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லக்கூடியவள். ஆனால் உன் தொடையில் முதல் ஊசியைப் போடும்போது படிப்பு ஒன்றும் துணைக்கு வரவில்லை. மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும், உறைய விடக் கூடாது என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். நம் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. ராத்தா வீட்டில் இருந்தது. இப்படித்தான் கஞ்சிக்காக விட்ட ஓட்டை வழியாக உன் மருந்து போகவும் வரவும் தொடங்கியது. காலையில் ராத்தா சின்னப் போத்தலைத் துணியில் சுற்றி நீட்டுவார். நான் ஊசி போட்டுவிட்டுத் திருப்பி நீட்டுவேன்.

அந்த வருடங்களை உனக்கு எப்படிச் சொல்வது? வடக்கில் ஒரு சண்டை, நம் பக்கத்தில் சிங்கள இளைஞர்கள் அரசாங்கத்தை எதிர்த்து எழுப்பிய வேறொரு சண்டை. கடையை மூடு, வாகனம் ஓட்டாதே என்று யாரோ இரவில் சுவரொட்டி ஒட்டிவிட்டுப் போனால் காலையில் ஊர் வாயை மூடிக்கொள்ளும். பிறகு இராணுவம் வந்து திற என்னும். திறந்தவனை ஒருவன் சுடுவான், மூடியவனை மற்றவன் அடிப்பான். பாலத்தடியில் எரிந்த உடல்கள் கிடக்கும். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது உன் முகத்தை என் கழுத்துக்குள் அமுக்கிக்கொள்வேன். கரண்ட் கம்பங்களைத் தகர்ப்பார்கள். நாள்கணக்கில் இருட்டு. அப்போதெல்லாம் மருந்தை மணல் நிரப்பிய சட்டிக்குள் வைத்து, மணலுக்குத் தண்ணீர் தெளித்துக் காப்பாற்றினோம்.

ஒரு தடவை அப்படி நீண்ட இருட்டுக்குப் பிறகு பின்னேரம் திடீரென்று கரண்ட் வந்தது. ராத்தாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மறுபடி போவதற்குள் மருந்து நன்றாகக் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளட்டும், அப்போதுதான் அடுத்த இருட்டைத் தாங்கும் என்று எண்ணி, இருந்த போத்தல்கள் எல்லாவற்றையும் சட்டியிலிருந்து எடுத்து பிரிட்ஜின் மேல் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டார். மறுநாள் காலை ஓட்டை வழியாக வந்த போத்தல் என் உள்ளங்கையைச் சுட்டது. அவ்வளவு குளிர். உள்ளே மருந்து கல்லாக இறுகியிருந்தது. கையில் வைத்து உருக்கி, மெல்ல உருட்டிப் பார்த்தேன். வெள்ளைத் துகள்கள் திரண்டு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றன. அது செத்த மருந்து. நல்ல மருந்து வேறு ஒன்றும் மிச்சமில்லை. வெளியே ஊரடங்கு.

ராத்தா மதிலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். ஓட்டை வழியாக அவர் முக்காடு மட்டும்தான் தெரிந்தது. "நானே புள்ளயக் கொன்டுட்டேனே, நானே கொன்டுட்டேனே." எனக்கு அவர்மேல் கோபம் வந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வரவில்லை தம்பி. அவர் செய்தது அப்படியே நான் செய்யக்கூடிய காரியம். பயந்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் கூடுதலாகத்தான் காப்பாற்றுவார்கள்.

ராத்தாவுடைய கணவரை நீ நானா என்றுதான் கூப்பிடுவாய்; நாங்கள் கூப்பிட்டதைக் கேட்டு நீயும் பழகிவிட்டாய். அவர் உள்ளே போய் ஒரு வெள்ளை வேட்டியைக் கிழித்து வந்தார். மரணவீட்டுக்குப் போகிற வாகனத்துக்கு வெள்ளைத் துணி கட்டினால் இரண்டு தரப்பும் சில வேளை விட்டுவிடும். தன் பழைய வேனின் முன்னால் அதைக் கட்டிக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்டார். உன் அப்பாவும் ஏறப் போனார். "நீங்க வாணாம். ஒங்கட தமிழக் கேட்டா ரெண்டு பேரும் சேந்து சுடுவான்" என்று இறக்கிவிட்டார். பின்னேரம் வரை உனக்குத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தபடி இருந்தேன். உன் மூச்சு வேகமாகிக்கொண்டே போனது. அதில் பழுத்த பழத்தின் வாசம் வந்தது. அந்த வாசத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் அன்றைய பெரிய வேதனை.

வேன் வந்த சத்தம் கேட்டது. நானா கேட்டைச் சுற்றி வரவில்லை. தன் வீட்டு முற்றத்தால் ஓடி வந்து, ஓட்டைக்குள் கையை விட்டு ஒரு தேத்தண்ணி பிளாஸ்க்கை நீட்டினார். கண்டியில் மருந்து விற்கிற பாமசிகள் எல்லாம் பூட்டு. ஒரு சிங்களவருடைய பாமசியின் பின்கதவைத் தட்டியிருக்கிறார். அந்த மனிதர் திறந்து, விஷயத்தைக் கேட்டு, தன் வீட்டுப் பிளாஸ்க்கையே கழுவி, குளிர்ந்த தண்ணீர்த் துணியில் போத்தல்களைச் சுற்றி உள்ளே வைத்துக் கொடுத்திருக்கிறார். அவர் பெயரை நானா கேட்கவில்லை. அந்த நாளில் பெயர் கேட்பது நல்லதல்ல.

உனக்கு ஊசி போட்டு, மூச்சு மெல்ல மெல்ல அடங்கி, நீ பசிக்கிறது என்று சொன்ன பிறகுதான் எங்களுக்குப் பேச்சு வந்தது. பாதையில் என்ன சொல்லித் தப்பினீர்கள் என்று உன் அப்பா கேட்டார்.

"யாருட மௌத்துன்டு கேட்டான். என்ட மாமிடன்டு சென்னேன்."

ராத்தாவுடைய உம்மா அப்போது அந்த வீட்டுக்குள்ளே கதிரையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். ராத்தா அழுத கண்ணோடு நிமிர்ந்தார். "என்ட உம்மாவ எத்தின தரம் கொல்லுவீங்க? போன மாசம் டீசல் எடுக்கப் போகக்கொளயும் அவதான் மௌத்தானா!" உள்ளிருந்து கிழவி, "யாருடீ மௌத்து?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தேன். "தேங்ஸெல்லாம் கடக்காரனுக்குச் செல்லுங்க" என்று ராத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நோன்பு மாதத்தில் ஓட்டை வழியாக எல்லாருக்கும் சர்பத் வரும். உனக்கு மட்டும் சீனி போடாமல், தேசிக்காய்ப் புளி விட்டு, கசகசா என்கிற சப்ஜா விதை ஊறப்போட்டுத் தனிக் கோப்பையில் வரும். நீ குடிக்க மாட்டாய். அந்தக் கறுப்பு விதைகளைச் சுற்றி வழுவழுவென்று கண்ணாடி மாதிரி கட்டியிருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பாய். ஒருநாள் அவற்றைப் பஞ்சில் போட்டு ஜாம் போத்தல் மூடியில் வைத்தாய். முளைத்தன. "உள்ளுக்குள்ள உசுரோட இருந்திருக்கும்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாய். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சரி சரி என்றேன். இன்று நினைத்தால் அந்த மூடியை எடுத்து வைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

நீ உயர்தர வகுப்புப் படிக்க அம்பிட்டியவில் தங்கியிருந்த காலத்தில் விடுமுறைக்கு வந்தபோது நான் செய்து காட்டியது உனக்கு நினைவிருக்கும். துணிக்குச் சாயம் அச்சடிக்கிற பட்டறையில் சாயத்தைக் கூழாக்கப் போடுகிற மாவு கொஞ்சம் கேட்டு வாங்கியிருந்தேன். கடற்பாசியிலிருந்து எடுக்கிற அல்ஜினேட். அதைத் தண்ணீரில் கரைத்து, பேக்கரி ஈஸ்டைக் கலந்து, உன் பழைய ஊசிக் குழாயில் எடுத்து, கல்சியம் குளோரைட் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டோம். விழுந்த சொட்டெல்லாம் விழுந்த இடத்திலேயே மணியாக இறுகின. அவற்றை அள்ளிச் சீனித் தண்ணீரில் போட்டதும் கொஞ்ச நேரத்தில் குமிழி விடத் தொடங்கின. உன் அப்பா எட்டிப் பார்த்து, "இத சர்பத்துல போட்டா ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார். நீ சிரிக்கவில்லை. நீ குனிந்து அந்தக் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். சீனி உள்ளே போகிறது, காற்று வெளியே வருகிறது, ஈஸ்ட் மட்டும் உள்ளேயே இருக்கிறது. "அப்ப ஈஸ்டுக்குப் பதிலா இன்சுலின் சுரக்கிற கலத்த வச்சா?" என்று கேட்டாய். அதைத்தான் வெளிநாடுகளில் முயன்று பார்க்கிறார்கள் என்று எங்கோ வாசித்ததைச் சொன்னேன். உடம்புக்குள் அப்படியே வைத்தால் காவல் கலங்கள் வந்து கொன்றுவிடும். ஜெல் மணிக்குள் வைத்தால் சீனியும் பிராணவாயுவும் நுழையும், இன்சுலின் வெளியே வரும், கொல்ல வருகிறவை அந்தச் சின்னத் துளைகளுக்குள் நுழைய முடியாது. நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்: "ராத்தா வீட்டு ஓட்ட மாதிரி."

நான் படித்தவள், படிப்பிக்கிறவள். அந்த ஓட்டை வழியாக வருடக்கணக்கில் மருந்து வாங்கியவள். எனக்கு அது தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது.

நீ இந்த வழியில்தான் போவாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. கூடவே ஒரு பேராசையும் பிடித்துக்கொண்டது. என் பிள்ளை தன் நோய்க்குத் தானே மருந்து கண்டுபிடிப்பான், ஊசியெல்லாம் ஒருநாள் நின்றுபோகும் என்று. போன வருடம் விண்ணப்பம் எழுதும்போது நீ அதை மெதுவாகக் கலைத்தாய். "மணிய உள்ள வச்சா ஒடம்பு சும்மா இருக்காதும்மா. அதச் சுத்தி நார் மாதிரி மூடிக் கட்டிடும். தொள எல்லாம் அடைபட்டுப் போய், உள்ள இருக்கிற கலம் மூச்சு முட்டிச் செத்துடும். அந்த மூடுற வேலைய எப்படி நிப்பாட்டுறதுன்னுதான் பாக்கப் போறோம். இது எனக்கு வந்து சேருமான்னு தெரியாது. எனக்குப் பொறகு யாருக்காவது வரலாம்." நீ அதைச் சொன்ன விதத்தில் வருத்தமே இருக்கவில்லை. அடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்காகப் போகிறேன் என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல உனக்கு யார் பழக்கினார்கள் என்று யோசித்தேன். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வேனில் வெள்ளை வேட்டி கட்டியவரும், பிளாஸ்க்கைக் கழுவியவரும்தான், வேறு யார்?

கொழும்புக்கு விசா பற்றி விசாரிக்கப் போன அன்று பஸ்ஸை நிறுத்தி உன் பையிலிருந்து ஊசிகளை எடுத்த கதையை நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய். இது என்ன என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்க, நீ இன்சுலின் என்றதும், தன் அம்மாவுக்கும் அதே வருத்தம், ஊரில் கரண்ட் இல்லை, மருந்தை எங்கே வைப்பது என்று அவன் உன்னிடமே கேட்டானாம். நீ மணல் சட்டியை விளக்கிக்கொண்டு நிற்க, பஸ்ஸில் இருந்தவர்கள் "தம்பி, மல்லி, கிளாஸ் எடுத்தது போதும், ஏறுங்க" என்று கத்தினார்களாம். அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய் நின்றேன். எல்லாச் சிப்பாய்க்கும் சீனி வருத்தமுள்ள அம்மா இருக்க மாட்டாள் தம்பி. உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு நாள் பூட்டி வைத்தால் போதும், யாரும் உன்மேல் கை வைக்கத் தேவையில்லை. ஊசி இல்லாத ஒரு நாள் உன்னை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நீ இங்கே இருந்தால்தான் எங்களுக்குப் பாதுகாப்பு என்று நீ நினைக்கிறாய். நீ இங்கே இருக்கிற ஒவ்வொரு நாளும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் உன்னைச் சுற்றிக் கட்டியது கொஞ்சம் மொத்தமான மதில்தான். உன்னைச் சுற்றுலாவுக்கு அனுப்பவில்லை, நீர்த்தேக்கத்துப் பக்கம் போக விடவில்லை, மற்றப் பிள்ளைகள் வீட்டில் ஒருநேரம் சாப்பிட விடவில்லை. அந்த மதிலுக்குள் நீ மூச்சு முட்டாமல் வளர்ந்தாய் என்றால், அது அதில் ஓட்டை போட்டவர்களால். மதிலைக் கட்டியது என் பயம். ஒரு கல்லை விடச் சொன்னது ராத்தா. எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம், அன்றைக்கு நான் வேண்டாம் என்று வாய் திறக்காமல் இருந்ததுதான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். எங்களை யார் பார்ப்பது?

நானா காலமான பிறகு ராத்தாவுக்கும் சீனி கூடிவிட்டது உனக்குத் தெரியும். குளிசை போதாது, ஊசி போட வேண்டும் என்று போன கிழமை டொக்டர் சொல்லிவிட்டார். இதை உனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நீ யோசிப்பாய் என்று ராத்தாதான் தடுத்தார். மருந்தை வாங்கி வந்தவர் நேரே ஓட்டைக்கு வந்து நீட்டினார்.

"ஒங்கட பிரிட்ஜில வைங்க புள்ள."

"ஏன் ராத்தா, ஒங்க வீட்டுல புது பிரிட்ஜ் இருக்குதே?"

"ஈக்கிது. அதுக்குள்ள ஐஸ் பொட்டியும் ஈக்கிதே. என்ட கைய நான் நம்ப மாட்டேன்."

பிரிட்ஜ் கதவில் உன் மருந்துத் தட்டில், உன் போத்தல்களுக்குப் பக்கத்தில் இப்போது அவருடையதும் இருக்கிறது. நீ கவனித்திருக்க மாட்டாய். காலையில் நான் துணியில் சுற்றி எடுத்துப் போவேன். ராத்தா அந்தப் பக்கம் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, ஓட்டைக்குள் கையை நீட்டிக்கொண்டு இருப்பார். நான் இந்தப் பக்கம் நின்று ஊசியைப் போடுவேன். "நோகுதா ராத்தா?" என்று கேட்டால், "தம்பி அஞ்சு வயசுல அழல்ல, நான் அழுறதா?" என்பார். பிறகு எனக்குத் தேத்தண்ணி அதே வழியாக வரும். அப்பாவுக்கும் ஒரு கோப்பை. அவருக்கு மட்டும் சீனி போட்டு.

போத்தல் இப்போது மற்றப் பக்கமாகப் போகிறது, அவ்வளவுதான். நீ இன்றைக்கே பதில் எழுது. நீ போன பிறகு அந்தத் தட்டு காலியாக இருக்காது.

அம்மா